இரண்டும் லண்டன்தான்

"ரெண்டும் லண்டன்தானே, தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "ஓம் அம்மா, ரெண்டும் லண்டன்தான்" என்றேன். லண்டனில் இருக்கும் மகனிடம் போக வந்தவர் கேட்டது ஹீத்ரோ, கட்விக் என்ற இரண்டு விமான நிலையங்களைப் பற்றி. எங்களுக்கிடையே நடந்த பேச்சு இவ்வளவுதான். கிளிநொச்சியில் விமான ரிக்கெற் போட்டுக்கொடுக்கும் மேசையில் பத்து வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். எத்தனையோ பேருக்குச் சொன்ன அந்த 'ஓம்', விசுவமடுவிலிருந்து வந்த இந்த அம்மாவுக்குச் சொன்னபோது மட்டும் திரும்பி வந்து என்னோடு நின்றுவிட்டது.

கணினியில் லண்டனுக்கான குறியீடாக எல்.ஓ.என் என்று தட்டினால், ஹீத்ரோ, கட்விக், ஸ்ரான்ஸ்ரெட், லூட்டன், சிற்றி, சவுத்எண்ட் என்ற ஆறு விமான நிலையங்களையும் அது ஒரே பெயருக்குள் அடக்கிவிடுகிறது. அந்தத் திரையை நம்பினால் நான் சொன்னது பொய்யல்ல. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் லண்டன் மாநகர எல்லைக்குள் இருப்பவை ஹீத்ரோவும் சிற்றியும் மட்டுமே. கட்விக் மேற்கு சசெக்ஸில், நகரின் நடுவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையமும் கம்பஹா மாவட்டத்தில்தானே இருக்கிறது, அதை நாங்கள் கொழும்பு என்று சொல்வதில்லையா என்று எனக்கு நானே வாதாடியும் பார்த்தேன். அந்த வாதம் அரைவாசித் தூரந்தான் போகிறது. கொழும்புக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவரை எங்கே போய் ஏற்றுவதென்று யாரும் யோசிப்பதில்லை.

கட்விக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்யவில்லை. மகன் இருப்பது தென் லண்டனில் உள்ள குரொய்டனில். கட்விக்கிலிருந்து கிழக்குக் குரொய்டனுக்கு ரயிலில் கால் மணித்தியாலம் போதும். ஹீத்ரோ என்றால் நகரத்தின் மேற்குப் பக்கம், லண்டனைச் சுற்றியிருக்கும் எம் 25 நெடுஞ்சாலையில் சுற்றிப் போக வேண்டும். கட்விக்கில் முனையங்கள் இரண்டே. ஹீத்ரோவில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நான்கு முனையங்கள் இருக்கின்றன (2015இல் மூடப்பட்டபின் ஒன்று என்ற எண்ணே அங்கு இல்லை). முழங்கால் நோவுக்காரிக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தாலும், நடை குறைந்த இடம் நல்லதென்று நினைத்தேன். துபாய் வழியாக அன்று கிடைத்த கட்டணமும் கட்விக்குக்கே குறைவு. "அண்ணை, குறைஞ்ச விலையில போடுங்கோ" என்று மகன் முதல் நாளே சொல்லியிருந்தார். இன்றைக்குக் கணக்குப் போட்டாலும் கட்விக் என்றுதான் விடை வரும்.

விடை சரி. ஆனால் அதை மகனுக்கு நான் வாயால் சொல்லவில்லை. ரிக்கெற்றை வட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு கோடும் நீலமாகின, அதையே அவருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அவர் திகதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டுப் படத்தை மூடியிருக்கிறார். தாயை வரவேற்க அவர் போனது ஹீத்ரோவுக்கு. அங்கும் துபாயிலிருந்து ஒரு விமானம் இறங்கியதாகப் பலகையில் விழுந்ததால், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தாயோ கட்விக்கில், குளிர்ச்சட்டைக்குள் ஒடுங்கி, சக்கர நாற்காலியில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறார். ரிக்கெற் உறையில் நான் எழுதிவிட்ட மகனின் இலக்கத்தைப் பார்த்து, நாற்காலி தள்ளிவந்த பெண்தான் கடைசியில் அழைத்திருக்கிறாள். அந்த இலக்கத்தை எழுதியது நான்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று இரவு மகன் கதைத்தார். ஏசவில்லை. "நீங்கள் சொல்லேல்லையே, அண்ணை" என்றார். "அனுப்பினனான்தானே" என்றேன். "அனுப்பினது வேற, சொன்னது வேற" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த அம்மாவிடம் ஏன் 'ஓம்' என்றேன் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கிண்டிப் பார்க்கிறேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மை. அது சனவரி மாதம். எங்களுக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே நாலரை, மகனை எழுப்ப முடியாது என்பதும் உண்மை. அந்தக் கட்டணம் பின்னேரம்வரை நிற்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதும் உண்மை. இவ்வளவு உண்மைகளுக்கும் அடியில் இன்னொன்று கிடக்கிறது: இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் மகனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்திருப்பார், போகிற வழியில் இன்னும் இரண்டு கடைகள் இருக்கின்றன. இதை எழுதும்போதுகூட, மெய்யாகவே அதை நினைத்துத்தான் சொன்னேனா, அல்லது குற்றவுணர்வு பிறகு கொண்டுவந்து வைத்த காரணமா என்று பிரித்தறிய முடியவில்லை.

வன்னியில் லண்டன் என்பது ஊரின் பெயரல்ல, ஒரு திசை. பேர்மிங்காமில் இருப்பவரும் எங்களுக்கு லண்டன் மகன்தான். அங்கிருப்பவர்களும் சளைத்தவர்களல்லர், யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேராக ரிக்கெற் போடச் சொல்லி, 2019இல் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்த நாளிலிருந்து எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். இந்தியா வழியாகத்தான் வரலாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். ஆனால் விசுவமடுவும் தருமபுரமும் ஒன்றுதானே என்று யாராவது அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் அவர் ஓம் என்றிருக்கமாட்டார். இரண்டும் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள்தான். எனினும் எந்த ஊரில் இறங்குகிறோம் என்பதன் அருமை, மூட்டை முடிச்சோடு அந்த வீதியால் இடம்பெயர்ந்தவருக்குத் தெரியாததல்ல. அவர் என்னிடம் கேட்டதும் அறியாமையால் அல்ல என்று இப்போது நினைக்கிறேன், ஐமிச்சப்பட்டுத்தான் கேட்டிருக்கிறார். கட்டுநாயக்கா, இரத்மலானை என்று கொழும்புக்கு இரண்டு இருப்பதுபோல, அம்மா, மகன் எதற்கு வருவார் என்று கேட்டுச் சொல்லுங்கோ என்றிருந்தால் உடனே விளங்கியிருக்கும். அந்த உவமை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது, பரந்தன் சந்தியில்தான் எனக்கு வந்தது.

அதன் பிறகு ரிக்கெற் உறையில் இறங்கும் விமான நிலையத்தின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி, ஏற்றுபவரையும் அழைத்து அதைத் திருப்பிச் சொல்லவைக்கிறேன். போன மாதம் மகளிடம் போக ஒரு ஐயா வந்தார். நியூயோர்க்குக்கு மூன்று விமான நிலையங்கள் இருக்கின்றன என்று தொடங்கி, விலை குறைந்த நெவார்க் உண்மையில் நியூ ஜேர்சி மாநிலத்தில் இருக்கிறது என்பதுவரை ஒன்றும் விடாமல் விளக்கினேன். அவர் நான் சொல்லச் சொல்ல முகம் மாறி, "எனக்கு நியூயோர்க்தான் வேணும், தம்பி" என்று எழுந்துவிட்டார். வேறு கடையில் கூடிய விலைக்கு நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்துக்குப் போட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மகளின் வீடு நியூ ஜேர்சியிலாம்.