கழிவை எங்க வைப்பாங்க?

பாம்பன் பக்கம் சின்னப்பாலம் கரையில கடல்பாசி எடுத்துட்டு ஏறின அக்கா ஒருத்தங்க கேட்டாங்க: "கூடங்குளத்துக் கழிவைக் கடைசியில எங்க தம்பி வைப்பாங்க? நம்ம பக்கமா?"

கேட்டுக்கிட்டே விரல்ல சுத்தியிருந்த துணியைப் பிரிச்சாங்க. பாறை கிழிக்காம இருக்க ஒவ்வொரு விரலுக்கும் ஒரு துணி. உப்புத்தண்ணியில ஊறி, தோலோட ஒட்டிக் கிடந்துச்சு.

அணு உலைக் கழிவை நிரந்தரமாப் புதைக்க இந்தியா இன்னும் இடம் முடிவு பண்ணலைன்னு சொன்னேன்.

பின்லாந்துல யூராயோகி ஊர் மன்றம் 2000-ல் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட பிறகுதான் அணுக்கழிவைப் புதைக்கறதுக்கான ஒன்கலோ சுரங்கம் வந்துச்சு. 400 மீட்டருக்கும் கீழே, ஏறக்குறைய 190 கோடி வருஷப் பாறை. ஊர் மறுத்திருந்தா அங்க தோண்டியிருக்க முடியாது. சட்டமே அப்படி.

அமெரிக்காவுல 1987-ல் நாடாளுமன்றமே நெவாடாவோட யூக்கா மலையைக் கைகாட்டிச்சு. அந்த மாநிலம் மறுத்துச்சு. 2002-ல் அந்த மறுப்பையும் தள்ளிட்டாங்க. கோடி கோடியா கொட்டியும் கழிவு இன்னும் அங்க போய்ச் சேரலை.

எனக்கு இதுல ரெண்டு எண்ணம் கிடையாது. எந்த ஊரா இருந்தாலும், துளை போடறதுக்கு முன்னாடி கிராமசபையில கேக்கணும். வேணாம்னா விட்டுடணும். அதை முதல்ல சட்டத்துல எழுதுங்க, அப்புறம் இடம் தேடுங்க.