ஜர்தோசியை நிறுத்துப் பார்த்த பிறகு

வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறோம், அதாவது பிளவுஸில் ஜரி, மணி, கல் வைத்துப் போடும் எம்பிராய்டரி. போன வருடம் வைகாசி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் பிளவுஸ் எடுத்திருந்தோம். கழுத்து முடிந்தது, வலது கை முடிந்தது, இடது கையில் பாதி வந்திருந்தது. என்னோடு வேலை பார்க்கும் பெண் நிமிர்ந்து, "அக்கா, ஆன்டிக் கோல்டு ஜர்தோசி தீர்ந்துபோச்சு" என்றாள். ஜர்தோசி என்பது மெல்லிய சுருள் கம்பி மாதிரி இருக்கும் ஜரி, துண்டு துண்டாக வெட்டி ஊசியில் கோத்துப் போடுவோம். திருச்சி பெரிய கடை வீதிக்கு ஓடி, அதே பெயரில் ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். போட்டுப் பார்த்தால் நிறம் ஒரு சாயல் சிவப்பாக அடித்தது. வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் பிரித்து, புது ஜர்தோசியிலேயே மறுபடி போட்டோம். இரண்டு நாள் வேலை போனது. பத்து நாள் கழித்து, கல் வைத்திருக்கும் டப்பாக்களுக்கு அடியில் பழைய லாட் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) ஜர்தோசி பாக்கெட் ஒன்று பிரிக்காமலே கிடைத்தது.

அன்றைக்குத்தான் இதற்கு ஒரு கணக்கு வைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கையில் நேரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா டப்பாக்களையும் ஹாலில் கொட்டி, ரகம் ரகமாகப் பிரித்தோம். இலைப்பச்சைப் பட்டு நூல் மட்டும் 19 கண்டு இருந்தது. அதை எப்போது, யாருக்காக வாங்கினேன் என்று ஞாபகமே வரவில்லை. மொத்தச் சரக்கையும் வாங்கிய விலைக்குப் போட்டால் ஏறக்குறைய 23,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய்க்கு மேல் ஒரு வருடமாகக் கை படாத பொருள். எங்கள் மாதிரி வீட்டில் நடக்கும் தொழிலுக்கு 9,000 ரூபாய் முடங்கிக் கிடப்பது சாதாரண விஷயம் இல்லை.

எண்ணி எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் புரிந்தது. எங்கள் தொழிலில் வாங்குவது ஒரு அளவு, செலவாவது வேறொரு அளவு. ஜர்தோசியும் சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணியும் கிராமில் வருகின்றன. குந்தன் கல் பாக்கெட் கணக்கு, ஸ்டோன் செயின் (கல் பதித்த சரம்) மீட்டர் கணக்கு. பிளவுஸில் போடும்போது ஒரு வரிசை, ஒரு பூ, ஒரு மாங்காய் என்றுதான் போடுகிறோம். ஒரு மாங்காய்க்கு எத்தனை கிராம் ஜர்தோசி என்று கேட்டால் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கும் சொல்ல வராது. அதனால்தான் "மெட்டீரியல் ஒரு 500 ஆகும்" என்று மனக்கணக்கிலேயே விலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கு உதவியது ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. 400 ரூபாய்க்குள் கிடைத்தது, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ஒவ்வொரு டப்பாவையும் காலியாக நிறுத்து, அந்த எடையை மூடியில் மார்க்கரால் எழுதினேன். பிளவுஸ் தொடங்கும் முன் டப்பாவோடு ஒரு எடை, முடித்த பின் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பிளவுஸின் செலவு. வெட்டும்போது தெறித்தது, தரையில் சிந்தியது, ஓட்டை இல்லாத மணி என்று ஒதுக்கியது எல்லாம் அதிலேயே வந்துவிடும். சேதாரத்துக்கு என்று தனியாக ஒரு தொகையை ஊகிக்கத் தேவையில்லை. கல்லுக்கு மட்டும் 100 கல்லை எண்ணி ஒரு தடவை நிறுத்துக்கொண்டேன். அப்புறம் எடையைப் பார்த்தே எத்தனை கல் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

முதலில் நிறுத்துப் பார்த்த கல்யாணப் பிளவுஸின் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். ஜர்தோசி 48 கிராம், கிராம் 2.50 வீதம் 120 ரூபாய். சுகர் பீட்ஸும் கட் பீட்ஸும் சேர்த்து 85 கிராம், 102 ரூபாய். குந்தன் கல் 210, ஒன்று ஒன்றரை ரூபாய் வீதம் 315. ஸ்டோன் செயின் 4 மீட்டர், 140. ஜரி நூலும் பட்டு நூலும் 95. ட்ரேசிங் பேப்பர், பசை என்று 60. ஆக 832 ரூபாய்.

இதுவும் முழு அடக்கவிலை இல்லை. மொத்தமாக வாங்க நான் சென்னை சவுகார்பேட்டைக்குப் போவது வழக்கம். போன தடவை 14,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தேன். ரயில், ஆட்டோ, சாப்பாடு, மூட்டைக் கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். நூறு ரூபாய்ப் பொருளுக்கு எட்டு ரூபாய் வழிச்செலவு ஆகிறது. அதைச் சேர்த்தால் 832 என்பது 900 ஆகிவிடுகிறது. எங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. அதனால் பில்லில் கட்டிய வரியையும் திரும்ப எடுக்க முடியாது, வரியோடு சேர்த்த விலைதான் எங்களுக்கு வாங்கிய விலை. மேலே சொன்ன விலைகளும் அப்படி வரி சேர்த்தவைதான்.

அந்தப் பிளவுஸுக்கு 4,500 ரூபாய் வாங்கியிருந்தேன். 500 மெட்டீரியல், உதவிக்கு இருந்த பெண்ணின் 26 மணி நேரத்துக்கு 75 ரூபாய் வீதம் 1,950 கூலி, மிச்சம் 2,050 லாபம் என்று நினைத்திருந்தேன். என் கையும் அதில் 18 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதற்கும் அதே கூலி போட்டு, மெட்டீரியலை 900 என்று வைத்தால் மிஞ்சியது 300 ரூபாய். அதிலிருந்துதான் கரண்ட் பில், ஊசி, துணியை இழுத்துக் கட்டும் ஸ்டாண்டின் ரிப்பேர். நாலு வருடம் இப்படியே ஓட்டியிருக்கிறேன் என்று அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

இப்போது அதே வேலைக்கு 5,400 சொல்கிறேன். "என்னம்மா, போன தடவை 4,500 தானே வாங்குனீங்க?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நோட்டைத் திறந்து காட்டி, "கல்லைக் கொஞ்சம் குறைச்சு, நூல் வேலையைக் கூட்டினா 4,800க்குப் பண்ணித் தரலாம்மா" என்றேன். ஒத்துக்கொண்டார். எதைக் குறைத்தால் எவ்வளவு குறையும், எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று தெரிந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

விலை சொல்லும்போது கடைசியாக வாங்கிய விலையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். டப்பாவில் பழைய 2.20 ரூபாய்ச் சரக்கு இருக்கலாம். ஆனால் அது தீர்ந்தால் அடுத்தது 2.50க்குத்தானே வாங்க வேண்டும்.

மொபைல் ஆப் ஒன்றை முயன்று பார்த்து விட்டுவிட்டேன். கையில் ஊசியோடு இருக்கும்போது போனைத் தொட முடிவதில்லை. டப்பாவுக்குள் ஒரு சீட்டு, அதில் வாங்கிய தேதி, கடை, விலை, லாட், எடை. மாதக் கடைசியில் அதை எக்ஸெலில் ஏற்றுகிறேன். ஜர்தோசி 100 கிராமுக்குக் கீழே இறங்கினால் வாங்க வேண்டும் என்று ஒரு கோடு வைத்திருக்கிறேன். அது இரண்டு கல்யாணப் பிளவுஸுக்குப் போதும். அதற்கு மேல் அளவில்லாமல் வாங்கிக் குவிப்பதும் இல்லை. ஈரக்காற்று பட்டால் ஜர்தோசி கறுத்துவிடும், சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கி மூடினாலும் இரண்டு வருடம் தாங்குமா என்பது சந்தேகம்தான். ஒரு ஆர்டருக்காக மட்டும் வாங்கும் விசேஷ நிறத்தில் மிச்சமானால் அதன் விலையும் அந்த ஆர்டரிலேயே சேரும். இது முன்பணம் வாங்கும்போதே பேசிவிடுகிற விஷயம்.

முடங்கிய 9,000 ரூபாய்ச் சரக்கில் பாதி போய்விட்டது. பட்டு நூலைப் புடவைக் குஞ்சத்துக்குப் பயன்படுத்தினேன். சில்லறைக் கல்லையும் மணியையும் ஆரி கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு சிறு பொட்டலமாகக் கட்டி அசல் விலைக்கே கொடுத்தேன். இலைப்பச்சையில் இன்னும் 6 கண்டு இருக்கிறது.

இந்த ஆடியிலும் சவுகார்பேட்டை போகிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஏழு பிளவுஸ் உறுதியாகியிருக்கிறது. ஏழுக்கும் தேவையான எடையைக் கணக்குப் போட்டு, இருப்பைக் கழித்து, பட்டியல் எழுதிவிட்டேன். ஆன்டிக் கோல்டு ஜர்தோசி 250 கிராம், ஒரே லாட்டில்.