அரபு நாட்டுல படிப்பே இல்லைன்னு யார் சொன்னது?

அரபு நாடுகள்ல படிப்பு எப்படின்னு பேச்சு வந்தா அஞ்சு நிமிஷத்துல ரெண்டு டயலாக் வந்துடும், அங்க குர்ஆன் மனப்பாடம் மட்டும்தான் படிப்பு, பொண்ணுங்கள ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டாங்க. சொல்றவர் மனசுல இருக்கறது ஆப்கானிஸ்தான் நியூஸ், ஆனா தீர்ப்பு மட்டும் மொராக்கோல இருந்து இந்தோனேசியா வரைக்கும். ஆப்கானிஸ்தான்ல 2021ல தாலிபான் ஆட்சிக்கு வந்ததுக்கு அப்புறம் ஆறாங்கிளாஸுக்கு மேல பொண்ணுங்களுக்கு படிப்பு கிடையாது, 2022 டிசம்பர்ல யுனிவர்சிட்டிக்கும் தடை போட்டாங்க, கொடுமைதான். அப்போ சவுதி, கத்தார், துருக்கி எல்லாமே கண்டிச்சாங்க, கெய்ரோல இருக்கற பெரிய இஸ்லாமிய யுனிவர்சிட்டி அல் அஸ்ஹரோட தலைமை இமாமே இது ஷரியாவுக்கு விரோதம்னு சொன்னார். அது மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல.

சவுதிய நான் தூக்கிப் பிடிக்கல. அங்க பெண்களுக்கு அரசு ஸ்கூல் ஆரம்பிச்சதே 1960ல, அதுக்கும் எதிர்ப்பு, அப்புறம் 2002ல மெக்கால ஒரு ஸ்கூல் தீப்பிடிச்சு 15 பொண்ணுங்க செத்த பிறகுதான் பெண்கள் படிப்ப மத அதிகாரிங்க கையில இருந்து கல்வி அமைச்சகத்துக்கு மாத்தினாங்க. ஆனா இப்போ நிலவரம் என்னன்னா, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு கணக்குலயும் அறிவியல்லயும் வைக்கற டிம்ஸ்னு ஒரு சர்வதேச டெஸ்ட் இருக்கே, அதுல சவுதி, ஓமன், பஹ்ரைன்ல பையன்கள விட பொண்ணுங்கதான் மார்க் அதிகம். ஜோர்டான்ல யுனிவர்சிட்டில பொண்ணுங்க எண்ணிக்கைதான் ஜாஸ்தி, ஆனா வேலைக்குப் போறதோ வேலை தேடறதோ ஏழு பெண்கள்ல ஒருத்தர்தான் இருப்பாங்க! கேக்க வேண்டிய கேள்வி இங்கதான் இருக்கு, படிக்க விட்டாங்களான்னு இல்ல, படிச்சவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு.

ஈரானும் லிஸ்ட்ல வந்துடும் (ஆப்கானிஸ்தான், துருக்கி, பாகிஸ்தான் மாதிரி அதுவும் அரபு நாடே இல்ல, அது வேற). கணிதத்துல பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கின முதல் பெண் மரியம் மிர்ஸாகானி, 2014ல, அவங்க ஸ்கூலும் டிகிரியும் படிச்சது டெஹ்ரான்லதான்.

துருக்கி கதை இன்னும் தலைகீழ். 1924லயே ஸ்கூல் எல்லாத்தையும் அரசாங்கத்துக்குக் கீழ கொண்டுவந்து பழைய மதரஸாக்கள மூடிட்டாங்க, 2010 வாக்குல வரைக்கும் அங்க பிரச்சனை என்னன்னா தலைல முக்காடு போட்ட பொண்ண யுனிவர்சிட்டி உள்ள விட மாட்டாங்க. பாகிஸ்தான்ல கூட பெரும்பாலான பிள்ளைங்க போறது அரசு ஸ்கூலுக்கோ பிரைவேட் ஸ்கூலுக்கோதான், மதரஸா பங்கு சின்னது, அங்க உண்மையான தலைவலி ஸ்கூல் பக்கமே போகாத ரெண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைங்க.

மனப்பாடம்னு சொல்றதுல உண்மை இருக்கு, ஆனா அதுக்கு காரணம் மதம் இல்ல, பப்ளிக் எக்ஸாம். எகிப்துல தானவிய்யா ஆம்மான்னு பேரு, நம்ம ப்ளஸ் டூ மாதிரியேதான், அந்த மார்க்தான் டாக்டரா இன்ஜினியரா இல்ல வேற ஏதாவதான்னு முடிவு பண்ணும், அதனால ஸ்கூல் காலியா கிடக்கும் டியூஷன் சென்டர் நிரம்பி வழியும். 2016ல கொஸ்டின் பேப்பர் லீக் ஆகி சில எக்ஸாம கேன்சல் பண்ணி திரும்ப வெச்சாங்க. அதே வருஷம் அல்ஜீரியாலயும் லீக், அவங்க 2018ல எக்ஸாம் நேரத்துல நாடு முழுக்க இன்டர்நெட்டையே கட் பண்ணிட்டாங்க! ஈராக்லயும் இதே வைத்தியம்தான்.

மொராக்கோல இன்னொரு கூத்து. ஸ்கூல்ல கணக்கும் சயின்ஸும் அரபில படிச்சிட்டு யுனிவர்சிட்டி போனா எல்லாம் ஃபிரெஞ்சு, நிறைய பேர் அங்கேயே திணறிட்டு இருந்தாங்க. 2019ல சட்டம் போட்டு ஸ்கூல்லயே சயின்ஸ ஃபிரெஞ்சுல நடத்த வழி பண்ணாங்க, அதுக்கு பார்லிமென்ட்ல பெரிய சண்டை. தாய்மொழிக் கல்வி பத்தி தொண்டை கிழிய பேசற நமக்கு இந்த சண்டை காதுல விழுந்ததே இல்ல.

"துபாய்ல பதினஞ்சு வருஷம் இருந்தவன், எனக்குத் தெரியாதா"ன்னு ஒருத்தர் வருவார் பாருங்க. அண்ணே, உங்க பிள்ளைங்க படிச்சது சிபிஎஸ்இ ஸ்கூல்ல.