வாடகை பாக்கியும் வருமானச் சான்றிதழால் வீணான பத்து நாளும்

இலவச சட்ட உதவி ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் என் மனுவைப் படிக்கக்கூட இல்லை. "வருமானச் சான்றிதழ் இல்லாம எடுக்க மாட்டோம், வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பத்து நாள் போனது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கணவருக்குக் கால் முறிந்து வேலை இல்லாமல் போனதில் மூன்று மாத வாடகை நின்றுவிட்டது. மாதம் 7,500, மொத்தம் 22,500 ரூபாய். ஓனரம்மா இரண்டு மாதம் பொறுத்தார். அப்புறம் எங்கள் போர்ஷனுக்கு வரும் தண்ணீர் வால்வை மூடிவிட்டார். மகளிர் குழுவில் ஓர் அக்கா சொல்லித்தான் இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன்.

சான்றிதழுக்காக இ-சேவை மையம், விஏஓ ஆபீஸ், திரும்ப இ-சேவை மையம் என்று அலைந்தேன். வேலையே இல்லாதவருக்குச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். கடைசியில் வெறுங்கையோடுதான் மறுபடி போனேன். நல்லவேளை, அன்று ஒரு சட்டத் தன்னார்வலர் இருந்தார். "அக்ரிமென்ட் யார் பேர்ல?" என்றார். என் பெயரில் என்றேன். "அப்ப உங்களுக்கு வருமானச் சான்றிதழே வேண்டாம்மா!" என்றார். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், யாராவது திருப்பி அனுப்பினால் பிரிவு எண்ணையே சொல்லுங்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

வெள்ளைத்தாளில் மனு, ஆதார் நகல், அக்ரிமென்ட் நகல். கட்டணம் இல்லை. லோக் அதாலத்துக்கு, அதாவது இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசம் செய்யும் மக்கள் நீதிமன்றத்துக்கு, வரச் சொல்லி ஓனரம்மாவுக்கு நோட்டீஸ் போனது. முதல் தேதிக்கு அவர் வரவில்லை, அன்றைய கூலி எனக்குப் போனது.

அடுத்த தேதியில் வந்தவர் பாக்கி நான்கு மாதம் என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வாடகையை எப்போதும் ரொக்கமாகவே கொடுத்திருக்கிறேன், ஒரு ரசீதும் கிடையாது. "மூணு மாசம் ஆச்சு, எப்ப தருவீங்க" என்று அவரே முந்தின வாரம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி போனில் இருந்ததால் தப்பித்தேன். தயவுசெய்து வாடகையை ஜிபே போன்றவற்றில் அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு நோட்டிலாவது கையெழுத்து வாங்குங்கள்.

பாக்கி இருந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்வதை சட்ட உதவி வக்கீல் ஓனரம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். அன்று சாயங்காலமே வால்வு திறந்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அட்வான்ஸில் 10,000 கழித்துக்கொண்டு, மீதி 12,500-ஐ மாதம் 2,500 வீதம் ஐந்து தவணையாக வாடகையோடு சேர்த்துக் கட்டுவது என்று முடிவானது. கையெழுத்துப் போடும் முன் உங்களால் நிஜமாகவே எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் பாருங்கள். ஓனர் தரப்பில் முதலில் மாதம் 5,000 என்றார்கள், அவசரத்தில் நானும் தலையாட்டப் பார்த்தேன். லோக் அதாலத்தில் முடிந்த சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். தவறினால் ஓனர் அதை வைத்தே நடவடிக்கை எடுக்கலாம்.

மூன்று தவணை கட்டிவிட்டேன், மூன்றும் ஜிபேயில்.