சுவரா, மட்டமா?

"தம்பி, சுவரைப் பார்க்கவா, மட்டத்தைப் பார்க்கவா?"

பாஸ், அதாவது என் பட்டறையின் மூத்த தச்சர், கேட்டது இவ்வளவுதான். "மட்டத்தை" என்று உடனே சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் என் வாயில் அதுதான் முதலில் வரும். ஆனாலும் அந்த வேலை மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வேலை செய்தவர்களுக்கு நிலைமை தெரிந்திருக்கும். சுண்ணாம்புச் சாந்துச் சுவர், காலத்துக்குக் காலம் பூசிப் பூசித் தடித்தது, ஒரு மூலையும் மூலைமட்டத்துக்குச் சரிவராது. சுவரில் உள்வாங்கிய ஓர் இடத்தில் அலுமாரி போட வேண்டும், எட்டடி உயரம், ஐந்தடி அகலம். லேசர் மீட்டரால் கீழே, நடுவில், மேலே என்று அகலத்தை எடுத்தேன், மூன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒன்றுதான். இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தால் நேரான செவ்வகம் என்றே நினைத்திருப்போம். பாஸ் இலக்கம் எழுதுகிறவர் இல்லை. இரண்டு மெல்லிய குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, இரு பக்கச் சுவரிலும் முட்டும்வரை நீட்டி, இறுக்கிக் கட்டி, மேலே ஒரு கோடு போட்டு எடுத்துவிடுவார். உள் அளவுக்கு அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. டேப் மூலையில் வளையும், வளைந்த இடத்தில் நாம் வாசிப்பது ஊகம்தான். அதே குச்சிகளைக் கொஞ்சம் நீளமாக எடுத்து மூலைக்கு மூலை குறுக்கே வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு குறுக்களவு மற்றதைவிட ஆறு நூலுக்கு மேல் கூட, எட்டு நூல் ஓர் அங்குலம். இரண்டு பக்கச் சுவரும் ஒரே அளவாக வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. நான் லேசர் கோட்டை அடித்துப் பார்த்தேன், தூக்குக்குண்டும் போட்டுப் பார்த்தேன், எட்டடிக்கு முக்கால் அங்குலம். அப்போதுதான் பாஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் மட்டத்தைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சுவரோடு சேர்த்துப் பெட்டியைச் சாய்த்தால் பிணைச்சல் (கதவுக் கீல்) நிற்கும் கோடும் சாயும். வலப்பக்கம் சாய்ந்த பெட்டியில் வலக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், இடக் கதவு திறந்து விட்டாலும் நிற்காமல் வந்து மூடும். இப்போது வருகிற பிணைச்சல்களில் திருகாணியைத் திருப்பிச் சில மில்லிமீட்டர் சரி செய்யலாம், ஆனால் முக்கால் அங்குலத்தை அதில் ஒளிக்க முடியாது. லாச்சியும் (இழுப்பறை) அப்படித்தான், குறுக்களவு இரண்டும் ஒத்துப்போகாத பெட்டிக்குள் அது ஒழுங்காக ஓடாது. இதையெல்லாம் நான் பட்டறைப் பொடியன்களுக்குத் தினமும் சொல்கிறவன். ஒரு வேலைக்கு ஒரே டேப். நுனிக் கொக்கி ஆடுகிறதென்று அடித்து இறுக்காதே, அது தன் தடிப்பளவு ஆட வேண்டும், அப்போதுதான் வெளியே கொளுவினாலும் உள்ளே முட்டினாலும் அளவு ஒன்றாக வரும். மூலைமட்டத்தைச் சந்தேகப்பட்டால் நேரான விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு போடு, மட்டத்தைப் புரட்டிவைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடு, கோடுகள் விலகினால் அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. பொருத்து வரும் இடத்தில் பென்சிலை நம்பாதே, கத்தியால் கீறு, உளி அந்தக் கீறலில் போய்த் தானாக உட்காரும். இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிற நான் சுவரைப் பார்த்துச் செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அலுமாரி நேராகவே போய் நின்றது. குறுக்களவு இரண்டும் ஒன்று, ரசமட்டத்தில் குமிழ் நடுவில், கதவு வைத்த இடத்தில் நிற்கிறது. இரண்டு பக்கமும் மிஞ்சிய இடைவெளிக்கு மெல்லிய சட்டம் சீவி அடைத்தோம். வலப்பக்கச் சட்டம் கீழே இரண்டு நூல், மேலே எட்டு நூல். இடப்பக்கம் அதற்கு நேர்மாறு.

வீட்டுக்கார அன்ரி வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது இடப்பக்கம் சரிஞ்செல்லோ நிக்குது" என்றார். நான் ரசமட்டத்தை வைத்துக் காட்டினேன். அவர் குமிழைக் குனிந்து பார்த்தார், மரியாதையாகத்தான் பார்த்தார். பிறகு சொன்னார்: "உங்கட மட்டம் சரி எண்டு சொல்லுது. நான் கட்டில்ல படுத்திருந்து ஒவ்வொரு நாளும் இதைத்தானே பார்க்கப் போறன்."

சண்டை இல்லை. காசையும் குறைக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும் என்று சில நேரம் நினைக்கிறேன்.

அவர் கண் பொய் சொல்லவில்லை. சுவர், அதன் பக்கத்துக் கதவு நிலை, எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அந்தச் சாய்வுகளுக்கு நடுவே நேராக ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் அதுதான் சரிந்து தெரியும், அதுவும் இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரிச் சட்டம் இருந்தால் கேட்கவே வேண்டாம். என் லேசர் பூமியின் ஈர்ப்பைப் பார்த்துக் கோடு அடிக்கிறது, அன்ரி தன் வீட்டைப் பார்க்கிறார். ஆனாலும் கதவு தானாகத் திறக்கிற அலுமாரியைக் கொடுத்திருந்தால் அடுத்த மாதமே எனக்கு போன் வந்திருக்கும். அதையும் மறக்க முடியாது.

திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் பாஸ் ஒன்று சொன்னார், அதுதான் இன்னும் குடைகிறது. "கதவைப் பற்றி நீங்க சொன்னது சரி தம்பி. நான் பெட்டியைக் கேட்கல. முகத்தைத்தான் கேட்டன்." பெட்டி நேராகவே நிற்கட்டும், முன்னால் இரண்டு பக்கமும் மூன்று அங்குல அகலத்தில் பலகை போட்டு அதன் வெளி விளிம்பைச் சுவருக்குச் சீவினால் போதும் என்பது அவர் கணக்கு. கால் அங்குலம் ஓர் அங்குலமாவது கண்ணில் குத்தும், மூன்று அங்குலம் மூன்றே முக்காலாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். உண்மைதான். "அப்பவே ஏன் பாஸ் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க மட்டம் எண்டு சொன்னீங்களே" என்றார்.

அவர் அன்றைக்குக் கேட்டது முகத்தை என்று எனக்கு எப்படித் தெரியும்? அத்தனை அகலப் பலகை போட்டால் இரு பக்கமுமாக அலுமாரிக்குள் ஐந்தரை அங்குலம் போய்விடும், இடம் வேண்டும் என்று அன்ரிதான் திரும்பத் திரும்பச் சொன்னவர். பாஸ் விளக்கமாகக் கேட்டிருந்தாலும் நான் மட்டத்தையே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை வருடம் உளி பிடித்த மனிதர், மனதில் இருந்ததைச் சொல்லாமல் நான் சொன்னபடி செய்து முடித்தாரே, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் பட்டறையில் இலக்கம் வைத்திருக்கிறவன் பேச்சுத்தான் எடுபடும் என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டாரோ? அப்படி நான் நடந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. பொடியன்களிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்களோ என்னவோ.

இப்போது வெள்ளவத்தையில் இதே மாதிரி ஒரு வேலை வந்திருக்கிறது, சுவர் இவ்வளவு மோசமில்லை. இந்த முறை அளவெடுத்த கையோடு சுவரில் நிறப் பட்டி ஒட்டி இரண்டு முகத்தையும் வரைந்து விட்டேன், ஒன்று நேராக, மற்றது அகலப் பலகையோடு. இரண்டையும் பாஸ்தான் வீட்டுக்காரருக்கு விளக்கினார், நான் பேசவில்லை. அவர் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது, நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறார். மனைவி ஊரிலிருந்து இன்னும் வரவில்லையாம். அவரும் ஒருதரம் பார்க்கட்டும் என்று பிளைவூட்டை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.