தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு

சட்டக் கல்லூரியில் நான் பல தாள்களில் தடுமாறியிருந்தாலும், இரண்டு முறை தோற்றது ஒரே ஒரு தாளில்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தையும் காலவரையறைச் சட்டத்தையும் சேர்த்து வைத்த தாள் அது. முதல் முறை 27, மறுமுறை 31. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவன், கைடில் இருந்த ஆங்கில விடைகளை வரி பிசகாமல் நெட்டுருப் போட்டேன். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் கையறு நிலைதான். ஆங்கிலம்தான் காரணம் என்று வீட்டில் சொல்லிவந்தேன். அது பாதிப் பொய், ஏனென்றால் என்னைப்போலவே தமிழ்வழியில் வந்த மூன்று பேர் அதே தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார்கள்.

மூன்றாம் முறை ஒருவழியாகக் கரையேறி, உடன் படித்தவர்களுக்கு ஓராண்டு பிந்தி வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, பாளையங்கோட்டையில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அவர் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அதை ஒரு மாதம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். 1908-இல் இதே திருநெல்வேலி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு, வக்கீல் சனது என்னும் தொழில் உரிமத்தையும் பறிகொடுத்து, பல ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் அதைத் திரும்பப் பெற்று, அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்ட வ.உ.சி.யின் கதை இங்குள்ள வழக்கறிஞர்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு நேர்ந்ததை வீழ்ச்சி என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து வெட்கப்படுத்தும்.

சேர்ந்த இரண்டாம் மாதம் சீனியர் ஒரு வழக்குக் கட்டை என் மேசையில் வைத்தார். சேரன்மகாதேவிப் பக்கத்து ஆச்சி ஒருவர் பிரதிவாதி. வயலைப் பற்றிய வழக்கில் அவர் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை ஆகிவிட்டது. அதை ரத்து செய்யக் கோரி 30 நாளுக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் 412 நாள் கடந்திருந்தது. காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, போதுமான காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்க வேண்டும். என்னை இரண்டு முறை கவிழ்த்த அதே பிரிவு. மனப்பாடமாக எனக்கு நன்றாகவே தெரியும். அரை மணி நேரத்தில் அபிடவிட், அதாவது பிரமாணப் பத்திரம், எழுதி நீட்டினேன்: ‘எனது கட்டுப்பாட்டை மீறிய காரணங்களாலும், தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலையாலும்…’

சீனியர் ஒரே கோடாகக் கிழித்தார். “இதுல ஆச்சி எங்கடே இருக்கா?” என்று மட்டும் கேட்டார். பிறகு 1998-இல் உச்ச நீதிமன்றம் அளித்த பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கின் தீர்ப்பை எடுத்துக் கொடுத்தார். அதில் 883 நாள் தாமதம் மன்னிக்கப்பட்டிருந்தது. தாமதத்தின் நீளம் பெரிதல்ல, சொல்லும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

மறுநாள் ஆச்சியை உட்காரவைத்துக் கேட்டேன். அவரிடம் தேதிகளே இல்லை, கார், பிசானம் என்ற நெல் பருவங்கள்தான் இருந்தன. “சம்மன் வந்தது கார் அறுப்புல, வக்கீல் தம்பி. கொழுந்தன் மவன் பாத்துக்கிடுதேன்னு வாங்கிட்டுப் போனான். பிசான நடவு முடிஞ்ச கையோட அவியளுக்குக் கை கால் வராமப் போச்சு” என்று தொடங்கினார். கணவர் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள், அந்த ஆண்டு பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக்கூடப் போகாதது, ஆனித் தேரோட்டத்தன்று அவர் இறந்தது, அடுத்த கார் பருவத்துக்கு வயலைத் தரிசாகப் போட்டது, பிசானத்தைக் குத்தகைக்கு விட்டது, அது அறுத்து முடிந்தபின் நீதிமன்ற ஊழியரான அமீனா வரப்பில் வந்து நின்றபோதுதான் தீர்ப்பு ஆன விவரமே தெரிந்தது என்று, எல்லாம் பயிரை வைத்தும் திருவிழாவை வைத்துமே வந்தன. பஞ்சாங்கத்தையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் இறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆங்கிலத் தேதியாக மாற்றினேன். மாலைக்குள் 412 நாளில் கணக்கில் வராத நாள் என்று ஏழெட்டுத்தான் மிஞ்சியது. ‘போதுமான காரணம்’ என்ற சொற்களை ஆறு ஆண்டுகளாக எழுதிவந்தவனுக்கு அவை எதைக் குறிக்கின்றன என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்று இரவு, சற்று விளையாட்டாகவே, என் பெயரில் ஓர் அபிடவிட் எழுதிப் பார்த்தேன். ‘தமிழ்வழிக் கல்வி’ என்று தொடங்கிய முதல் வரியை நானே அடித்தேன். காலை முதல் வகுப்பை விட்டதற்குக் காரணம் பேருந்து அல்ல. முதல் மதிப்பெண் வந்த நாளிலிருந்து முன்வரிசைக்காரர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. புரியாததைக் கேட்டால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்று ஒரு பருவம் முழுக்க வாயே திறக்கவில்லை. இப்படி மாதம் மாதமாக எழுதியபோது, மன்னிக்கத்தக்கவையும் தகாதவையும் ஏறக்குறையச் சரிபாதியாக வந்தன. அதன் பிறகு கைடைத் தொடவில்லை. வழக்குக் கட்டில் வரும் பிரிவை மட்டும் அன்றன்று பேர் ஆக்ட்டில், அதாவது உரை சேராத சட்ட மூலத்தில், தேடி, அந்த வழக்கோடு வைத்துப் படித்தேன். பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வை, நம்ப மாட்டார்கள், முதல் முறையிலேயே தாண்டினேன்.

ஆச்சியின் மனு ஆடி மாதத்தில், செலவுத்தொகை கட்டும் நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்டது. தொகையைக் கட்டி, தீர்ப்பாணையும் ரத்தாகி, எதிருரை தாக்கல் செய்ய செப்டம்பரில் வாய்தா போட்டார்கள். நீதிமன்ற வாசல் வேப்பமரத்தடியில் தேதியைச் சொன்னேன். ஆச்சிக்கு அது பிடிபடவில்லை.

“அது கார் அறுப்புக்கு முந்தியா, பிந்தியா?”

டைரியைப் பார்க்காமலே சொன்னேன்: “முந்தி, ஆச்சி. கதிர் பழுக்கிற சமயம்.”