பெஜோ 205 ஜிடிஐ: பானெட்டைத் திறக்கும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள்

1980-களின் ஹாட் ஹேட்ச்பேக் கார்களில், அதாவது வேகமான எஞ்சின் வைத்த சின்னக் கார்களில், எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: பெஜோ 205 ஜிடிஐ. இந்த வகைக்கு வழி போட்டது 1976-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வழியில் மிக அழகாக ஓடியது 205தான். 1984-ல் வந்த முதல் 1.6 லிட்டர் எஞ்சினில் 105 குதிரைத்திறன்தான் இருந்தது. மொத்த எடை சுமார் 850 கிலோ. ரகசியமெல்லாம் அந்த எடையில்தான். ஆரம்ப கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்சக்கரம் சாலையில் என்ன உணர்கிறதோ அது அப்படியே கைக்கு வந்துவிடும்.

இப்போதும் ஐரோப்பாவில் இந்தக் காரைத் தேடி வாங்குகிறவர்கள் நிறைய. அவர்களில் பலர் நேராகப் போய் பானெட்டைத் திறக்கிறார்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், மயங்கிவிடுகிறார்கள். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காரின் பின்னால் பத்தடி தள்ளி நின்று, குனிந்து இரண்டு பின்சக்கரங்களையும் பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா? அப்படியென்றால் பின் ஆக்ஸில் தேய்ந்துவிட்டது. பெரிய செலவு அங்கேதான் காத்திருக்கிறது.

அந்த அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காருக்குக் குறுக்காக ஒரு தடித்த இரும்புக் குழாய். அதன் இரு முனைகளிலும் பின்னோக்கி நீளும் ஒவ்வொரு கை, அதாவது டிரெய்லிங் ஆர்ம். சக்கரம் மாட்டியிருப்பது அதில். ஆர்மோடு சேர்ந்த தண்டு குழாய்க்குள் நீடில் பேரிங்குகளின் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) மேல் திரும்புகிறது. சுருள் ஸ்பிரிங் கிடையாது, அதற்குப் பதில் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பிகள், அதாவது டார்ஷன் பார்கள். ஷாக் அப்சார்பரும் ஏறக்குறைய படுக்கையாகவே இருக்கும். இவ்வளவு சின்னக் காரில் டிக்கி அத்தனை அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். 1990-களில் இந்தியாவில் பிரீமியர் தயாரித்த பெஜோ 309-க்கும் இதே வகைப் பின் ஆக்ஸில்தான்.

கெடுவது இப்படி. ஆர்முக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள சீல் வயதாகி இறுகிப்போகும். மழைத் தண்ணீர் உள்ளே நுழைந்து கிரீஸைக் கழுவிவிடும். நீடில்கள் துருப்பிடித்து, உடைந்து, தண்டை அரித்துப் பள்ளம் போடும். பிறகு ஆர்ம் நேராக நிற்காது, சக்கரம் சாயும், முற்றிப்போனால் டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசும். டிக்கியைக் கையால் அழுத்தி விடும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உறுதி செய்ய, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் உள்பக்கம் பார்க்கட்டும். ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் பேரிங். ஆர்மும் சேர்ந்து ஆடினால் ஆக்ஸில்.

ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பேரிங்கும் சீலும் மாற்றினால் போதும். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் தண்டையும் மாற்ற வேண்டும். குழாயின் உள்வட்டமே அரித்திருந்தால் புதுப்பித்த முழு ஆக்ஸிலை வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். பிரிக்கும்போது ஒரு விஷயம்: டார்ஷன் பாரின் இரு முனைகளிலும் ஸ்ப்ளைன் பற்கள் உண்டு, எந்தப் பல் எதில் அமர்ந்திருந்தது என்று முதலில் குறித்துவிட்டுத்தான் உருவ வேண்டும். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் காரின் உயரம் மாறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கும். இத்தனை வருடத் துருவில் அந்தப் பற்கள் இறுகியிருக்கும். ஸ்லைடு ஹேமர் (எடையை நழுவவிட்டு அடித்து இழுக்கும் கருவி) இல்லாமல் வராது.

வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் 205-ன் பின்பகுதி வெளியே வீசும் என்பது ஊரறிந்த கதை. எடை முன்னால் போகிறது, பின்டயர்களின் பிடி குறைகிறது, அவ்வளவுதான். ஆக்ஸில் நன்றாக இருந்து நான்கு டயரும் ஒரே தரமாக இருந்தால் அது எப்போது வீசும் என்று முன்கூட்டியே தெரியும். தேய்ந்த ஆக்ஸிலோடும் காய்ந்து இறுகிய பழைய டயரோடும் ஓட்டினால் சொல்லாமல் வீசும். டயர் அளவு 1.6-க்கு 185/60 14 அங்குலம், பிறகு வந்த 1.9 லிட்டர் மாடலுக்கு 185/55 15 அங்குலம். இந்த அளவை மாற்றாதீர்கள்.

1.6-ஆ, 1.9-ஆ? இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 83 மி.மீ.தான். பிஸ்டன் ஓட்டம் 1.6-ல் 73 மி.மீ., 1.9-ல் 88 மி.மீ. அதனால் 1.6 விறுவிறுவென்று மேலே ஏறும், 1.9 கீழிருந்தே இழுக்கும். 1986-ல் 1.6 115 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. அதே ஆண்டு வந்த 1.9-ல் 130, கூடவே பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் வைத்த 1.9-ல் 122. பெரும்பாலோர் 1.9-ஐத்தான் தேடுகிறார்கள். என் ஓட்டு 1.6-க்கு. சின்ன வளைவுச் சாலையில் கியரை மாற்றி மாற்றி எஞ்சினை உயர் சுற்றிலேயே வைத்து ஓட்டுவதற்கென்றே பிறந்தது அது.

எஞ்சின் வெட் லைனர் வகை, அதாவது பிஸ்டன் ஓடும் லைனர் குழாய்கள் கூலன்ட்டோடு நேரடித் தொடர்பில் இருக்கும்; பிளாக் அலுமினியம். ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல்) மாற்றும்போது ஹெட்டை நேராகத் தூக்கக் கூடாது. போல்ட்டுகளைக் கழற்றியதும் முதலில் பக்கவாட்டில் அசைத்து, ஒட்டியிருப்பதை விடுவித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் லைனர்களும் கூடவே கிளம்பிவிடும். அடியில் உள்ள சீல் விட்டுப்போய்க் கூலன்ட், அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கும். ஹெட் இல்லாதபோது லைனர்களைக் கிளாம்ப் போட்டு இறுக்கி வையுங்கள், கிராங்கைச் சுற்றாதீர்கள். வெறும் தண்ணீர் ஊற்றாமல் ஆன்டிஃப்ரீஸ் கலந்த கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்; அலுமினியம் அரிக்கும். நிரப்பிய பிறகு பிளீட் ஸ்குரூக்களைத் திறந்து காற்றை வெளியேற்ற மறக்கக் கூடாது.

ஐடிலிங்கில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊஞ்சலாடுவது இன்னொரு பிரபல நோய். உள்ளே போகும் காற்றை ஒரு மடல் அளக்கிறது. அந்த மடலுக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயிலோ பிரீதர் குழாயிலோ (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) விரிசல் இருந்தால், கணக்கில் வராத காற்று நுழைந்து கலவை மெலிந்துவிடும். குழாய்களைப் பாருங்கள், மடலின் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். கியர் லிவர் கொளகொளவென்றால் கியர்பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் லிவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் ராடுகளின் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும், சின்னச் செலவு.

1985, 1986 உலக ரேலி சாம்பியன்ஷிப்பை பெஜோவுக்கு வென்று கொடுத்த 205 டர்போ 16 வேறு ஜாதி: எஞ்சின் நடுவில், நான்கு சக்கர டிரைவ். அந்தப் புகழைச் சொல்லி ஜிடிஐ-க்கு விலை ஏற்றினால் நம்பாதீர்கள்.

போட்டியாளர்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். இரண்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ கட்டுமானத்தில் 205-ஐ விட உறுதி. அதில் பெட்ரோல் ஊற்றும் குழாய் துருப்பிடிக்கும். துருத்தூள் டேங்கில் விழுந்து பம்பையும் ஃபில்டரையும் அடைக்கும், அதையும் தாண்டினால் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் அமைப்பில் பெட்ரோலை அளந்து பிரிக்கும் விலை உயர்ந்த மீட்டரிங் ஹெட்டுக்குள் போகும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். 1985-ல் வந்த ரெனோ 5 ஜிடி டர்போ 1,397 சிசி எஞ்சினில் 115 குதிரைத்திறன் எடுத்தது, அதுவும் கார்புரேட்டரோடு. டர்போவின் சூட்டில் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோல் கொதித்துவிடும் என்பதால், ஓட்டி நிறுத்திய பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்ய முரண்டு பிடிக்கும். அதை வாங்கப் போனால் நன்றாக ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, கால் மணி நேரம் காத்திருந்து மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.